அந்த நரகத்துக்கு நான் போயிக்கிறேன்

போன வாரம் நம்முடைய பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. மனிதரை ஒழுங்காக நடக்க வைப்பது நரகத்தின் மேல் உள்ள பயமா, சொர்க்கத்தின் மேல் உள்ள ஆசையா? முழங்கால் தைலம், சர்க்கரை மாத்திரை, பேரன் பேத்தி போட்டோ என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குழுவில் அன்றைக்கு ஒரே அமளி. பயம்தான் என்று பாதிப் பேர், ஆசைதான் என்று மீதிப் பேர். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே வெளியேறி, மறுநாள் காலை வணக்கத்தோடு திரும்பி வந்தார்கள்.

நான் ஒன்றும் எழுதவில்லை. சொல்ல எதுவும் இல்லாமல் இல்லை. கட்டைவிரலால் தட்டி முடிகிற பதில் என்னிடம் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு கோடைக்காலம் ஞாபகத்துக்கு வந்தது. அதை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். நம் எல்லாருக்கும்தான் இப்போது நேரம் இருக்கிறதே.

எண்பதுகளின் நடுவில் வந்த ஒரு ரமலான் அது. அந்த வருஷம் நோன்பு மே மாதக் கத்திரி வெயிலில் விழுந்தது. எனக்குப் பத்து வயது. நாங்கள் அப்போது காரிமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். ஊர் முழுக்க விவசாயக் குடும்பங்கள். எங்களைப் போல முஸ்லிம் வீடுகள் மூன்றோ நான்கோதான். அத்தா, அதாவது என் அப்பா, சந்தை சந்தையாகப் போய்த் துணி விற்பவர். சைக்கிள் கேரியரில் அவர் மூட்டை கட்டும் கயிறு, புதுத்துணியின் கஞ்சி வாசனை, மூட்டையிலிருந்து உதிரும் வண்ண நூல் பிசிறுகள், இதெல்லாம் எங்கள் வீட்டின் காற்றிலேயே இருந்தன.

வீட்டில் அத்தா, அம்மா, நான், தம்பி. கூடவே அத்தாவின் அக்கா. அவரை நாங்கள் குப்பி என்று கூப்பிடுவோம். சின்ன வயதிலேயே புருஷனை இழந்துவிட்டு எங்களோடு வந்து இருந்தவர்.

குப்பியின் துறை நரகம். ஆமாம், அப்படித்தான் சொல்ல வேண்டும். வேறு எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். பொய் சொன்னால் நாக்குக்கு என்ன ஆகும், சோற்றை வீணாக்கினால் வயிற்றுக்கு என்ன ஆகும் என்று எங்களுக்கு எல்லாம் அத்துப்படி. விறகு அடுப்பு தகதகவென்று எரியும்போது எங்களை இழுத்து முன்னால் உட்கார வைப்பார். முகம் காந்தும். கண் எரியும்.

"சுடுதா?"

"சுடுது குப்பி."

"அங்க இருக்கிற நெருப்புக்கு முன்னால இது பச்சத் தண்ணி. ஞாபகம் வெச்சுக்கோங்க."

தம்பி இரண்டு நாளைக்கு அடுப்படிப் பக்கமே வரமாட்டான்.

அத்தாவோ நேர் எதிர். சந்தையிலிருந்து வந்து, கால் கழுவி, வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தார் என்றால் சொர்க்கம் தொடங்கிவிடும். அங்கே மரத்தில் ஏற வேண்டியதில்லையாம், கிளையே பழத்தோடு நம் கைக்குத் தாழ்ந்து வருமாம். பால் ஆறாக ஓடுமாம். தம்பி அங்கே புரோட்டா கிடைக்குமா என்று கேட்டான்.

"கேட்டா கெடைக்கும்."

"சால்னாவோடயா?"

"அதையும் சேத்துக் கேளு."

நோன்பு வைத்தவர்கள் மட்டும் நுழைகிற தனி வாசல் ஒன்று அங்கே இருக்கிறது என்றும் அத்தா சொன்னார். மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாதாம். அந்த வாசல் என் மனதில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. ராத்திரியெல்லாம் அதன் நிறம் பச்சையா, வெள்ளையா என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

குப்பிக்கும் அத்தாவுக்கும் இதில் தீராத வழக்கு.

"ஆசையக் காட்டி வளத்தா, ஆசை தீந்ததும் ஓடிருங்க. பயந்தாத்தான் நிக்குங்க" என்பார் குப்பி.

"பயந்து நிக்கிறதுக்குப் புள்ளைங்க என்ன ஆட்டுக்குட்டியாக்கா?" என்பார் அத்தா.

"ரெண்டு பேரும் செத்துப் போயிப் பாத்துட்டு வந்த மாதிரியே பேசறீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா சோறு வடிக்கப் போய்விடுவார்.

அந்த வருஷம் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். முந்தைய வருஷமே மழை ஏமாற்றிவிட்டது. ஊர்க் கைபம்பை அடித்தால் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும். மாந்தோப்புகளில் காய் பழுக்காமலே சுருங்கி விழுந்தது. தண்ணீர் இருந்தது ஒரே ஒரு கிணற்றில். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு வயல் தள்ளி இருந்த கல்கட்டுக் கிணறு. அதற்குச் சொந்தக்காரரை ஊரே கிணற்றுக்காரம்மா என்றுதான் சொல்லும். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகன் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஒற்றை ஆளாக அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கையில் எப்போதும் ஒரு மூங்கில் கம்பு. கிணற்று மேட்டில் புங்கமர நிழலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் வீட்டுக்கு ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். அதற்கு மேல் யார் கேட்டாலும் கிடையாது. மாட்டு வண்டியில் பீப்பாயோடு வந்தவர்களைக் கம்பை ஓங்கித் திருப்பி அனுப்பினார். துணி துவைக்க வந்த பெண்கள் அழுக்கு மூட்டையோடு திரும்பினார்கள்.

ஊர் அவரைச் சும்மா விடுமா? முதலில் நரகத்தைக் காட்டிப் பார்த்தார்கள். "தவிச்ச வாய்க்குத் தண்ணி இல்லேன்னு சொல்றவளுக்கு எமலோகத்துல எண்ணெய்க் கொப்பரை கொதிச்சுக்கிட்டு இருக்குது" என்று அவர் காதில் விழும்படியே பேசினார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து சொர்க்கத்தைக் கொண்டுவந்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் ஊர்ப் பெரியவர். எருமைகள் நிறைய வைத்திருந்தவர். நான் குடத்தோடு வரிசையில் நின்றபோதுதான் அவர் வந்தார்.

"இதா பாரும்மா, தண்ணி குடுக்கறது எவ்வளவு பெரிய புண்ணியம் தெரியுமா? நேரா சொர்க்கந்தான். எல்லாருக்கும் தாராளமா வுடு."

"அப்படிங்களா? அந்த சொர்க்கத்துல உங்க எருமைங்களுக்கும் எடம் இருக்குதுங்களா?"

"எருமைக்கு எதுக்கும்மா சொர்க்கம்?"

"பின்ன, தண்ணி உங்களுக்கா கேக்கறீங்க? எருமைக்குத்தானுங்களே கேக்கறீங்க. புண்ணியம் வந்தா அதுங்க எனக்குக் குடுக்கட்டும், பாக்கலாம்."

வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் சிரித்த அதே பெண்கள், "என்ன திமிரு பாத்தியா. இவ நல்ல கதிக்கே போவமாட்டா" என்றார்கள். சொல்லிக்கொண்டே அவர் கிணற்றுத் தண்ணீரைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள்.

கிணற்றுக்குப் போகும் வரப்பை ஒட்டி அவருடைய தக்காளித் தோட்டம். செடியெல்லாம் கருகி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தினமும் அதன் வழியாகத்தான் நடந்தேன். கிணற்றுக்குச் சொந்தக்காரரின் தோட்டமே ஏன் காய்ந்து கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. நான் குழந்தை, விடுங்கள். என்னோடு நடந்த பெரியவர்கள் யாருக்குமே தோன்றவில்லையே, அதை நினைத்தால்தான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த ரமலானில் நான் ஒரு நோன்பாவது முழுசாக வைப்பேன் என்று அடம்பிடித்தேன். அந்தத் தனி வாசல்தான் காரணம். "இந்த வெயில்ல வேணாம்டி" என்றார் அம்மா. அத்தா சிரித்துக்கொண்டே சரி என்றார். குப்பி மட்டும் விரலை நீட்டி எச்சரித்தார்.

"வெச்சா கடைசி வரைக்கும் வெக்கணும். பாதியில வேணும்னே முறிச்சா என்ன ஆவும்னு தெரியுமில்ல?"

தெரியும். அடுப்பு ஞாபகம் வந்தது.

நான் நோன்பு வைத்த நாளில் அத்தாவும் அம்மாவும் தம்பியைக் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினார்கள், பெருநாளுக்குச் சாமான் வாங்க. மத்தியானத் தொழுகையை முடித்துவிட்டுக் குப்பி பாயில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். வீட்டில் ஒரே அமைதி. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் ஊறவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை. நோன்போடு ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தால் நன்மை இன்னும் கூடுமே. பக்கவாட்டில் சொட்டை விழுந்த எங்கள் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வரப்பில் செருப்பில்லாத கால் கொதித்தது. கிணற்று மேட்டில் கிணற்றுக்காரம்மாவைக் காணவில்லை. தண்ணீர் விடும் நேரம் அது இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கம்படிதான் விழும் என்று நினைத்துக்கொண்டே கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். அடியில், வெகு ஆழத்தில், ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் மினுங்கியது. அது மேலே வருவது போல இருந்தது. பிறகு காதுக்குள் ஒரு இரைச்சல். குடம் கல்லில் மோதி உருளும் சத்தம் கேட்டது. வேறொன்றும் தெரியவில்லை.

கண் திறந்தபோது என் தலை ஒரு மடியில் இருந்தது. முகமெல்லாம் ஈரம். வைக்கோலும் மண்ணும் கலந்த ஒரு சேலை வாசனை. கிணற்றுக்காரம்மாவின் முகம் மேலே தெரிந்தது. அவர் கையில் ஒரு சொம்பு.

"குடி கண்ணு."

வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"ஏன்டி? ஒதடெல்லாம் வெடிச்சு ரத்தம் கட்டியிருக்குது. குடிடி."

"நோன்புங்க."

"இத்தனூண்டு புள்ளைக்கு என்னடி நோம்பு? உசுரு போயிரும்."

"குடிச்சா நரகத்துக்குப் போயிருவேனுங்க."

"யாரு சொன்னா?"

"குப்பி."

அவர் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சந்தையில் காய் பேரம் முடிப்பவர் மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

"சரி. அந்த நரகத்துக்கு நான் போயிக்கிறேன். நீ குடி."

எனக்கு அழுகையிலும் சந்தேகம் தீரவில்லை. "அப்படியெல்லாம் மாத்திக்க முடியாதுங்க."

"ஏன் முடியாது? உங்க சாமி கேட்டா, கெணத்துக்காரி வாயில ஊத்திட்டான்னு சொல்லு. என்னைக் கேக்கட்டும். இந்த ஊரே எனக்கு அங்க எடம் புடிச்சு வெச்சிருக்குது. எப்படியும் போறவதான். உன்னுதையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போறேன். குடிம்மா என் தங்கம்."

குடித்தேன். தொண்டையில் இறங்கிய அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன எழுதுவது? லேசாக உப்புக் கரித்தது. கொஞ்சம் மண் வாசனை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ விதமான தண்ணீர் குடித்துவிட்டேன். அன்றைக்கு என் உடம்பு முழுக்க ஓடியதே, அது எதிலும் கிடைக்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கம்பு எங்கேயோ புழுதியில் கிடந்தது.

என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார். பத்து வயதுப் பெண், கால் அவர் முழங்கால் வரைக்கும் தொங்கியது. இன்னொரு கையில் பித்தளைக் குடம். எங்கள் வீட்டு வாசலில் குப்பி பதறிப்போய் நின்றிருந்தார். என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கிணற்றுக்காரம்மா முந்திக்கொண்டார்.

"பாயம்மா, புள்ளையத் திட்டாதீங்க. மயங்கி வுழுந்து கெடந்துச்சு. தண்ணி வேணாம், வேணாம்னுதான் சொல்லிச்சு. நாந்தான் வாயப் புடிச்சு ஊத்திட்டேன். இதுல எதாச்சும் பாவம் கீவம் இருந்தா எம்பேர்ல சேத்துக்கச் சொல்லுங்க. புள்ளைகிட்ட அப்படித்தான் வாக்குக் குடுத்திருக்கறேன்."

குப்பி என்னை அவர் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நரகத்தைப் பற்றி அவ்வளவு பேசிய குப்பி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மயங்கி வுழுந்த புள்ளைக்கு ஏதும்மா நோன்பு? இந்த வயசுக்கு அது கடமையே இல்லையே. புள்ளைங்களுக்கெல்லாம் நரகம் இல்லம்மா. இல்லவே இல்ல."

"அப்புறம் ஏன் குப்பி அடுப்பக் காட்டினீங்க?" என்று கேட்டேன்.

"பயமா இருக்குதும்மா எனக்கு. நீங்க கெட்டுப் போயிட்டீங்கன்னா, உங்களுக்கு ஒண்ணு ஆயிப் போச்சுன்னா... எனக்குப் பயமா இருக்குது."

கிணற்றுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே, புள்ளைங்களுக்கு நரகம் இல்லேன்னு மொதல்லயே சொல்லக் கூடாதாங்க? நான் வேற பெரிசா ஏத்துக்கிட்டேனே!"

குப்பிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. குப்பிக்கு ஒரு பெண் குழந்தை இருந்து, நடை பழகும் வயதில் காய்ச்சலில் போய்விட்டதாம். நீ தொழுகையில் கவனமாக இல்லை, அதனால் வந்த தண்டனை என்று யாரோ ஒருவர் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். அந்த ஒரு வார்த்தையிலிருந்து குப்பி வெளியே வரவே இல்லை. எங்களை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்த அந்தக் கை எங்களைப் பிடித்துக்கொண்டிருந்த கை என்பது அப்போது யாருக்குப் புரிந்தது? அத்தாவே அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்றுதான் நினைத்திருந்தார்.

நான் மயங்கி விழுந்த அன்று சாயங்காலம் குடத்தோடு கிணற்றிலிருந்து திரும்பும்போது குப்பி அந்தத் தக்காளித் தோட்டத்தில் நின்றார். ஒரு செடியைக் கிள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தார். மோட்டார் கொட்டகைப் பக்கம் போனார். கதவில் சிலந்தி வலை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மோட்டார் போட்டால் கிணறு ஒரு வாரத்தில் வற்றிவிடும் என்று அந்த மனுஷி சித்திரை மாதத்திலிருந்தே தன் பயிருக்குத் தண்ணீர் விடவில்லை. ஊர் குடிக்கட்டும் என்று தன் வெள்ளாமையைக் காயப்போட்டுவிட்டு, அதை ஒருவரிடமும் சொல்லாமல், திட்டையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலையில் கிணற்றுக் கயிற்றை யாரோ அறுத்து உள்ளே போட்டிருந்தார்கள். ஊருக்குக் கோபம் அந்த அளவுக்கு வந்துவிட்டது. கிணற்றுக்காரம்மா உருளைக்குக் கீழே வெறுங்கையோடு நின்றார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. வரிசையில் ஒரு பெண் சொன்னார், "செஞ்ச பாவம் சும்மா வுடுமா? நரகத்துல இன்னும் இருக்குது."

குப்பி வரிசையை விட்டு வெளியே வந்தார். பொதுவாக வெளியில் அதிகம் பேசாதவர்.

"நரகத்தப் பத்தி இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது. அங்க யாரு யாரு இருப்பாங்கன்னு நெனச்சு நெனச்சே எனக்குப் பாதி வயசு போச்சு. நான் சொல்றேன், அங்க இந்தம்மா இல்ல. அந்தக் கொல்லையப் போயிப் பாருங்க. தக்காளி எப்படிக் கெடக்குதுன்னு பாருங்க. மோட்டாரு கதவத் தொறந்து எத்தன நாளாச்சுன்னு பாருங்க. அப்புறம் வந்து பேசுங்க."

ஒரு பெண் மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வரப்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குப்பி வீட்டுக்கு வந்து, அத்தா மூட்டை கட்டும் கயிற்றை உருவிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். அன்றைக்கு அத்தா சந்தைக்குப் போகவில்லை. கேட்டதற்கு, "போனாப் போவுது, அக்கா இன்னிக்கு எனக்கு சொர்க்கத்தைக் காட்டுது" என்று சிரித்தார். அந்த நாளிலிருந்து கிணற்று மேட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் கம்பு, இன்னொருவர் விரலில் தஸ்பீஹ் மணிமாலை. கடைசி வாரத்தில் வீட்டுக்கு ஒரே குடம் என்று ஆனபோது ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பெருநாள் வந்தது. சேமியாப் பாயசத்தை நானே தூக்குவாளியில் எடுத்துப்போய்க் கிணற்றுக்காரம்மாவுக்குக் கொடுத்தேன். அது முடிந்து நாலைந்து நாளில், ஒகேனக்கல் பக்கத்து மலையிலிருந்து ஒரு கறுப்பு மேகம் கிளம்பி வந்து ஊரையே நனைத்துவிட்டுப் போனது. கிணறு வற்றாமல் மழையைப் பார்த்துவிட்டது.

இதோடு நிறுத்தலாம். ஆனால் அடுத்த வருஷத்து நோன்பைச் சொல்லாவிட்டால் கேள்விக்குப் பதில் முழுசாகாது.

அடுத்த ரமலானில் நான் மறுபடியும் நோன்பு வைத்தேன். இந்தத் தடவை யாரும் பயமும் காட்டவில்லை, ஆசையும் காட்டவில்லை. ஏன் வைத்தேன் என்று கேட்டால், தாகம் என்றால் என்ன, தண்ணீர் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு நன்றியாக ஒரு நாள் இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கிணற்றுக்காரம்மாவும் வர வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். வந்தார். எங்களோடு பாயில் உட்கார்ந்தார். நடுவில் நோன்புக் கஞ்சி ஆவி பறந்தது. காரிமங்கலம் பள்ளிவாசலில் நோன்பு திறக்க ஊதும் மின்சாரச் சங்குக்காக எல்லாரும் காத்திருந்தோம். கிணற்றுக்காரம்மாவால்தான் பொறுமையாக உட்கார முடியவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்டி? சங்கு ரிப்பேரா என்ன?"

"உங்களுக்கு எதுக்குங்கம்மா காத்திருக்கறது? நீங்க சாப்புடுங்க" என்றார் அம்மா, கஞ்சிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி.

அவர் கிண்ணத்தைத் தொடவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிச் சொன்னார்.

"காலையிலிருந்து நானும் பச்சத் தண்ணி குடிக்கலைங்க. கெணத்து மேட்டுலயேதான் இருந்தேன். சொம்ப எடுத்தேன், வெச்சேன். புள்ள அங்க நாக்கு காஞ்சு கெடக்கும்னு நெனப்பு வந்துச்சு. எறங்கல."

தூரத்தில் சங்கு ஊத ஆரம்பித்தது. குப்பி பேரீச்சம்பழத் தட்டை எடுத்தார். எப்போதும் எனக்கும் தம்பிக்கும்தான் முதலில் கொடுப்பார். அன்றைக்கு எங்களைத் தாண்டிக் கையை நீட்டி, ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கி, அதைக் கிணற்றுக்காரம்மாவின் வாயில் தன் கையாலேயே ஊட்டினார்.